அறுபதாவது நாள் எது?

எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதி வந்ததில் சித்தூர் பஸ்ஸின் நேரத்தை மாற்றி எழுதிவிட்டதாக என் மருமகள் செல்வி சொன்னாள். இந்த வாரமும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடங்களில் எனக்கே குழப்பம். மறந்த இடத்தில் மறந்துவிட்டது என்றே எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாண்டு ஓரம்

திருப்பதி கோர்ட்டில் வண்டி நிறுத்தும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு படி இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறிவிட்ட நேரம். சீட்டு சூடேறிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து ரப்பர் வாசனை வந்தது. செல்வி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். என் மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நூல் கட்டிய காலண்டர் தாள்கள்.

கான்ஸ்டபிள் லோகநாதன் அந்தப் பக்கமாக வந்தார். கக்கத்தில் எப்போதும்போல ரெக்ஸின் பை. ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்குக் காகிதம் கொண்டுவருவதும் கொண்டுபோவதும்தான் அவர் வேலை.

"இன்னாமா, இன்னிக்கி மூஞ்சி தெளிவா கீது?" என்று சிரித்தார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. அன்றைக்கு நான் பேசிய இரண்டு மூன்று வாக்கியத்தால் என் மகன் இன்னும் நாலு மாதம் ஜெயிலில் இருந்தான். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டை கேஸ்

எங்கள் ஊர் ஆந்திராவில், கங்காதர நெல்லூர் பக்கம். கொஞ்சம் நிலம், நாலு மாமரம். மகன் மணி ஒரு மினி லாரிக்குக் கூலி டிரைவர். மாங்காய் சீசனில் சித்தூர் கூழ் ஃபாக்டரிகளுக்கு லோடு அடிப்பான். சீசன் முடிந்தால் எது கிடைக்கிறதோ அது.

அப்படி ஒரு லோடில்தான் மாட்டினான். மேலே வைக்கோல், கீழே செம்மரக் கட்டை. ஏற்றிவிட்ட ஆட்கள் ஓடிவிட்டார்கள். ஸ்டியரிங்கில் இருந்தவன் இவன்.

கட்டை இருந்தது நிஜம். அது இவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. அம்மா சொன்னால் யார் நம்புவார்கள்?

வியாழக்கிழமை திருப்பதிப் பக்கம் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை ஜட்ஜ் முன்னால் நிறுத்தி, சித்தூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஜாமீனுக்கு இரண்டு தரம் கேட்டோம். இரண்டு தரமும் இல்லை என்று வந்துவிட்டது. ஓடிப்போனவர்கள் கிடைக்கவில்லை, விசாரணை முடியவில்லை என்று போலீஸ் சொன்னது.

அவர்கள் விசாரணை முடிவதற்கு எங்கள் வீட்டில் காத்திருக்க நேரமில்லை.

என் வீட்டுக்காரருக்கு அதற்கு முந்தின வருஷமே வாதம் அடித்திருந்தது. கை கால் கொஞ்சம் தேறியது. தேறாதது ஞாபகம். சுவரில் காரை உதிர்வதுபோல ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் போயின. பிறகு அவர் தங்கச்சி பெயர். மணி பெயர் மட்டும் நின்றது. காலையில் கண் விழித்ததும், "மணி வண்டி எடுத்துக்கினு பூட்டானா?" என்பார்.

"பூட்டான்" என்பேன்.

"துன்னானா?"

"துன்னான்."

சித்தூர் டாக்டர் சொன்னார்: "பையன் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும்." அந்த முகம்தான் ஜெயிலில் இருந்தது.

வக்கீல் சொன்ன வழி

எங்கள் வக்கீல் தெலுங்குக்காரர். நல்ல மனிதர். தமிழ் பேசுவார், நடுவில் தெலுங்கு வந்து விழும். இரண்டாம் தரம் ஜாமீன் கிடைக்காத அன்றைக்கு நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அழாதீங்கம்மா. இன்னொரு வழி கீது. இந்த மாதிரி கேஸ்லே போலீசுக்கு அறுபது நாள்தான் டைம். அதுக்குள்ளே விசாரணை முடிச்சி சார்ஜ்ஷீட் போடணும். போடலேன்னா ஜாமீன் நம்ம ஹக்கு."

ஹக்கு என்றால் உரிமை.

"ஜட்ஜ் ஐயா இல்லன்னு சொல்லிட்டா?" என்று செல்வி கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. கேஸ் பெருசா, சின்னதா, தப்பு பண்ணானா இல்லையா, அதெல்லாம் அப்போ பாக்கக் கூடாது. ஜாமீன்தாரு கரெக்டா நின்னா உட்டாகணும். ஒருத்தரை விசாரணை பேரு சொல்லி எத்தினி நாள் உள்ளே வெப்பீங்க? அதுக்கு ஒரு கோடு வேணாமா? அந்தக் கோடுதான் இது."

பிறகு விரலை நீட்டிச் சொன்னார். அது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆனா, நாம கேக்கணும். தானா வராது. அறுபது முடிஞ்ச உடனே நாம பெட்டிஷன் போடணும். நமக்கு முன்னாடி அவங்க சார்ஜ்ஷீட் போட்டுட்டாங்கன்னா ஹக்கு பாயே."

பாயே என்றால் போச்சு.

அன்றைக்கு வீடு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். கிழித்த தாள்களை அடுப்பு மூட்டவும் கணக்கு எழுதவும் சேர்த்து வைத்திருப்பேன். மணி ஜெயிலுக்குப் போன வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கி நூல் கட்டினேன். பிறகு தினம் காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்து அதில் சேர்ப்பேன். செல்வி பார்த்துவிட்டு, "அத்தை, போன்லயே எண்ணிக்கலாம்" என்றாள். எனக்குக் கையில் இருக்க வேண்டும்.

முலாக்கத்

ஜெயிலில் போய்ப் பார்ப்பதற்கு முலாக்கத் என்று பெயர். வெளியே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் போன். நேரம் மிகக் கொஞ்சம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் அவன் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அழுக்கா, துவைத்ததா என்று.

"எம்மா, எதுனா பேசேன். டைம் ஆயிட்டு கீது" என்பான்.

நான் அப்படித்தான். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்க மாட்டேன். வேறு யாராவது இறங்குகிற ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன். ஒருமுறை அப்படி சித்தூர் வரைக்கும் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் நல்ல ஞாபகத்தோடு இருந்த காலத்தில், "உனக்கு டிக்கெட்டு வாங்கறதுக்குப் பதிலா பஸ்ஸையே வாங்கிடலாம்டீ" என்பார்.

கோர்ட்டிலும் அப்படியே ஓரமாக நின்றேன். பதினாலு நாளைக்கு ஒருமுறை காவலை நீட்டுவார்கள். மணியை டிவியில் காட்டுவதுபோலக் காட்டுவார்கள். சில நாள் படம் அசையாது, வாய் திறந்தபடியே நின்றுவிடும். அதைப் பார்ப்பதற்காக நாங்கள் திருப்பதி வரை போவோம்.

லோகநாதன் அங்கேதான் பழக்கம். நகரிப் பக்கத்து ஆள், தமிழ் பேசுகிறவர். முதல் நாளே, "யாரும்மா நீங்க, இந்த வெயில்ல நின்னுக்கினு?" என்று கேட்டார். நான் சார் என்றேன். "சாரெல்லாம் எஸ்.ஐ.க்கு. என்னைத் தம்பின்னு கூப்புடு" என்றார். மணி பெயர் வரும்போது வந்து சொல்வார். தண்ணீர் எங்கே பிடிப்பது என்று காட்டினார். அந்தக் கோர்ட் வராண்டாவில் எங்களை மனிதர்களாக நினைத்துப் பேசிய போலீஸ் அவர் ஒருவர்தான்.

எண்ணுகிற முறை

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பதினாறு எந்தக் கிழமை வருகிறது என்று என்னிடம்தான் கேட்பார்கள். படித்தவர்கள் வீட்டிலும் கேட்பார்கள். விரலிலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் முறையில் உயிர் போன நாள்தான் ஒன்று. காலையில் போனாலும் சாயங்காலம் போனாலும் அது ஒன்று. மறுநாள் இரண்டு. மறுநாளை ஒன்று என்று எண்ணினால் ஒரு நாள் தள்ளிப்போய்விடும். பந்தலுக்குச் சொன்னவன் ஒரு நாள் வருவான், சொந்தக்காரர்கள் ஒரு நாள் வருவார்கள். அப்படி ஒரு வீட்டில் நடந்து, பெரிய சண்டையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் திங்கட்கிழமைத் தாளைக் கிழித்து நூலில் சேர்த்தபோது அறுபது தாள் ஆகிவிட்டது. இரண்டு தரம் எண்ணினேன். அறுபதுதான். அதாவது திங்கட்கிழமையோடு அறுபது முடிந்தது. செவ்வாய்க்கிழமையே கேட்கலாம்.

நூல் கட்டிய தாள்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜாமீன் நிற்கிறவர்களின் பட்டா நகலோடு வரச் சொல்லி வக்கீல் முந்தின நாளே போன் செய்திருந்தார்.

பைக்குள் இருந்த கை

வக்கீல் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா கீது. இன்னியோட அறுபது நாள் முடியுது. ரேப்பு காலையில கோர்ட்டு தெறந்ததும் போடறோம்."

ரேப்பு என்றால் நாளை.

என் கை பைக்குள் போனது. நூல் விரலில் பட்டது. நேற்றே அறுபது முடிந்துவிட்டதே சார் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

வெட்கம் ஒன்று. சுவர் முழுக்கப் புத்தகம் வைத்திருக்கிற மனிதரிடம் காலண்டர் தாளை நீட்டி, உங்கள் கணக்கு தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்?

இன்னொன்று வெட்கத்தைவிடப் பெரியது. எப்படி எண்ணினாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? பதினாறாம் நாளுக்கு எண்ணுகிற மாதிரி எண்ணினேன் என்றா? என் மகன் நல்லபடி வீடு வர வேண்டிய நாளுக்குச் சாவுக் கணக்கையா உதாரணம் சொல்வது? அதை வாயால் சொன்னாலே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். இத்தனை நாளும் மனதுக்குள் மட்டும் அப்படி எண்ணியதற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கையை வெளியே எடுத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

செல்வி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். நான் படியில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் லோகநாதன் வந்தார்.

சொல்லிவிட்டுப் போகணும் என்று

நன்மை செய்தவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் போவது எங்கள் பக்கத்தில் ரொம்பத் தப்பு. நாளைக்குப் பெட்டிஷன் போட்டுவிட்டால் இனி இந்த வராண்டாவுக்கு வர வேண்டியிராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அவர் இருப்பாரோ மாட்டாரோ. அவராகவே வேறு வந்து முகம் தெளிவாக இருக்கிறது என்கிறார்.

"தம்பி, நாளைக்கி காலையில எங்க வக்கீலு பேப்பர் போடறாரு. அறுபது நாள் முடிஞ்சி பூடுதாம். எம்புள்ள ஊட்டுக்கு வந்துருவான். உங்கிட்ட சொல்லிட்டுப் போவணும்னு இருந்தேன்."

சொந்தக்காரர் அல்லாத ஆண் ஒருவரிடம் நான் தொடர்ந்து இவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஒரு நொடி ரெக்ஸின் பைக்குப் போய் வந்தது.

"நல்லதும்மா. நல்லபடியா நடக்கட்டும்" என்றார். போய்விட்டார்.

புதன்கிழமை

மறுநாள் கோர்ட் திறக்கிற நேரத்துக்கு எங்கள் வக்கீலின் குமாஸ்தா பெட்டிஷனோடு போனார். அவருக்கு முன்னால் லோகநாதன் நின்றிருந்தார். ரெக்ஸின் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து கிளார்க் மேசையில் வைத்தார். புதிதாகத் தைத்த கட்டு. ஒரு பக்கம் நூல் நீளமாகத் தொங்கியது. அதைக் கத்தரிக்கக்கூட நேரம் இல்லாமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அது சார்ஜ்ஷீட்.

எங்கள் வக்கீல் உள்ளே போய்ப் பேசினார். விசாரணையே முடியவில்லை, சாட்சிப் பெயர்கூடப் பாதி இல்லை, அவசரத்துக்குக் கொண்டுவந்த காகிதம் என்றெல்லாம் சொன்னதாகக் குமாஸ்தா சொன்னார். ஜட்ஜ் கேட்டுக்கொண்டார். காகிதம் முதலில் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

வெளியே வந்த வக்கீல் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "ரெண்டு மாசமா தூங்கினவங்க இன்னிக்கு எப்படி முழிச்சாங்க? யாரு சொன்னாங்க அவங்களுக்கு?" என்று தெலுங்கில் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

செல்வி என் கையைப் பிடித்தாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க அத்தை, உக்காருங்க" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

லோகநாதன் எங்களைத் தாண்டிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. அவரை நான் திட்ட மாட்டேன். அவர் வேலை அது. தம்பி என்று கூப்பிட்டதால் அவர் போலீஸ் இல்லை என்று நினைத்துக்கொண்டது நான்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அடுத்த முலாக்கத்தில் மணியிடம் சொன்னேன். செல்வியைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுச் சொன்னேன். போனில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

"நீயா? நீ போலீஸ்காரன்கிட்ட வாயத் தொறந்து பேசினியா? பஸ்ல நிறுத்துன்னு சொல்லமாட்ட நீ!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உடும்மா. செல்விகிட்ட சொல்லாத. நைனா எப்டி கீறாரு?"

"உன் பேரு சொல்றாரு."

"தெனம் சொல்றாரா?"

"தெனம்" என்றேன். அந்த வாரம் இரண்டு நாள் சொல்லவில்லை. அதைச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து

வேறு வழியில், மேல்கோர்ட்டில் கேட்டு ஜாமீன் கிடைத்தது. எந்த மாதம் என்று சரியாக நினைவில்லை. மாமரத்தில் பூ வந்திருந்தது. மணி இளைத்து, காதோரம் நரைத்து வந்தான். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நேராக நைனாவிடம் போனான். கட்டில் ஓரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் அவனை நன்றாகப் பார்த்தார். மரியாதையாகக் கையை இழுத்துக்கொண்டார்.

"யாரூட்டுப் புள்ளப்பா நீ? வெயில்ல வந்து கீற. மோர் குடிச்சியா?"

மணி, "குடிச்சேன் நைனா" என்றான்.

செல்விக்கு இதெல்லாம் இந்தப் பத்திரிகையைப் படித்துத்தான் தெரியப்போகிறது. எழுதுவதற்கு முன்னால் மணியைக் கேட்டேன். எழுது என்றான்.

ஒரு சந்தேகம்

போன மாதம் கேஸ் வாய்தாவுக்காகத் திருப்பதி போயிருந்தோம். வராண்டாவில் இரண்டு சின்ன வயது வக்கீல்கள் வேறு ஒரு கேஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், அதுதான் முதல் நாள், டெல்லி சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், இத்தனை நாள் தெரியாதா உனக்கு என்று கேலி செய்தார். தெலுங்கில்தான் பேசினார்கள். எனக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கிட்டே போய்க் கேட்க முடியவில்லை. என் வக்கீலிடமும் கேட்கவில்லை. அவர் எங்களிடம் அன்பாக இருக்கிறவர், முகம் சுருங்கிவிடும்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். சட்டம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரி பார்த்துச் சொல்லுங்கள். பிடித்த நாள் கணக்கில் இல்லை, ஜட்ஜ் முன்னால் நிறுத்திய நாளிலிருந்துதான் என்பது எனக்குத் தெரியும். அந்த நாள் ஒன்றா, அதற்கு மறுநாள் ஒன்றா? நாங்கள் நின்றது வெள்ளிக்கிழமை. தாள்கள் அறுபதும் நூலோடு என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

என் கணக்கு தப்பு என்றாலும் எழுதுங்கள். என் மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம். அந்தப் படியில் இன்றைக்கும் ஒருத்தி நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதைப் படித்து அவள் தப்பாக எண்ணிவிடக் கூடாது.